வெத்து ஓட்டம்

காயில்காரர் தம் மனைவியின் அண்ணனுக்கு நாலாயிரம் கடன்பட்டிருந்தார். வட்டி கிடையாது, வட்டிக்குப் பதில் பேச்சுதான். வாரத்தில் இரண்டு நாள் மச்சான் இவர் கடை வாசலில் வந்து நிற்பார். குடையை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு, தெருவில் போகிறவர் வருகிறவர் காதிலெல்லாம் விழும்படி, "மாப்பிள்ளை, நான் பணத்தைக் கேக்க வரல" என்று ஆரம்பிப்பார். கேட்டுத் தொலைத்திருந்தால் பாதி வலியோடு போயிருக்கும்.

மச்சானுக்குக் குடைக்கடை. வானம் கறுத்தால் ஊரெல்லாம் முகம் சுளிக்கும். அவருக்கு மட்டும் முகம் மலரும். அப்படிப்பட்டவரிடம் கடன் வாங்கக் கூடாது என்று காயில்காரருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாங்கிய காரணம் கௌரவமானது. குடிக்க வாங்கவில்லை, சீட்டாட வாங்கவில்லை. செம்புக் கம்பிக்காக வாங்கினார்.

அவர் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, எரிந்த கம்பியை வெட்டி எறிந்து, புதுக் கம்பி சுற்றி மறுபடி ஓட வைப்பது. ஊரில் இந்த வேலை தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் இரண்டு பேர் தெரியும் என்று சொல்லிக்கொண்டவர்கள். காயில்காரர் படித்தது ஐந்தாம் வகுப்பில் முக்கால்வாசி. கணக்கு வாத்தியார் பிரம்பை எடுக்கப் போன நேரத்தில் வெளியே வந்தவர், அப்புறம் உள்ளே போகவே இல்லை. பிறகு ஊர் ஊராகப் போகும் கூடாரச் சினிமாவில் பத்து வருடம் டைனமோ ஓட்டினார். அந்தப் பத்து வருடத்தில் ஒரு நாளும் படம் பாதியில் அணைந்ததில்லை. அதற்கப்புறம் மின்விசிறி, தண்ணீர் பம்பு, மாவு மில் மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தே பழகினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மோட்டார்தான் சொல்லிக்கொடுத்தது, ஷாக் அடித்து. 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததாகச் சாட்சி சொல்ல ஒரு ஆள் கிடையாது.

கடையில் இன்னொரு ஆளும் உண்டு, அவர் மனைவி. கைப்பிடி போட்ட காயில் சுற்றும் மெஷினில் உட்கார்ந்து கம்பி சுற்றுவது அவள்தான். எத்தனை சுற்று என்று காட்டும் பல்சக்கரம் வாங்கிய முதல் வருடமே உடைந்துவிட்டது. சரி செய்ய வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். "அது தப்பா எண்ணுது. எனக்கு எதுக்கு அது?" என்றாள். எண்ண ஆரம்பித்தால் அவளிடம் பேச்சு செல்லாது. வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும், "அறுபத்திரெண்டு, அறுபத்துமூணு" என்றுதான் பதில் வரும். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடேறும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் சுற்றிய மோட்டார் சூடேறித் திரும்பி வந்ததாக இன்றுவரை ஒரு புகாரும் இல்லை.

கடன் வாங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அட்டைப்பெட்டி ஆலையின் பெரிய மோட்டார் கருகியது. காகித உருளைகளை இழுத்து ஒட்டும் மெஷினை ஓட்டுகிற, நேர் மின்சாரத்தில் இயங்கும் டீசி மோட்டார். வேகத்தை நினைத்தபடி கூட்டலாம் குறைக்கலாம் என்பதற்காக ஆலையின் பழைய முதலாளி எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்டது. இப்போது ஆலை அவர் மகள் கையில். முதலாளியம்மா மூன்று காயில் கடைக்கும் ஆள் அனுப்பினார். மற்ற இரண்டு பேரும் வந்து, மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, டீசி என்று தெரிந்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். நம்மவர் மட்டும், "டீசியா? டீசியிலதானேம்மா நான் வளர்ந்தேன்" என்றார். பேச்சு முடிந்தது: ஒரு முழு ஷிஃப்ட் பொறி பறக்காமல் ஓடிக் காட்டினால் ஐயாயிரம். ஓடாவிட்டால் ஒரு காசு கிடையாது, கம்பிச் செலவும் அவர் தலையில்.

அந்தக் கம்பிக்குத்தான் மச்சானின் நாலாயிரம் போனது. கொடுக்கும்போதே மச்சான் ஒரு கெடு வைத்தார்.

"இந்த மாசக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அதுக்குள்ள பணம் வரலைன்னா காயில் சுத்துற மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவேன். பழைய இரும்புக்கடைக்காரர் விலை பேசிட்டாரு."

"மெஷின் போனா நான் எப்படிப் பொழைக்கிறது மச்சான்?"

"என் கடைக்கு வா. குடைக்குக் கம்பி கட்டு. நீயும் கம்பிதான் கட்டுற, அதுவும் கம்பிதான்."

காயில்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மனைவி நூற்றுப் பதினெட்டில் இருந்தாள்.

கெடு வாரத்தின் வியாழக்கிழமை காலை மோட்டார் தயார். ஆலையில் அதைப் பீடத்தில் ஏற்றி முறுக்கியாகிவிட்டது. முதலாளியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒட்டும் மெஷின்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு கூடினார்கள். கூப்பிடாமலே மச்சானும் குடையோடு வந்து நின்றார். தம் நாலாயிரம் எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டாமா?

தொழிலில் 'வெத்து ஓட்டம்' என்று ஒன்று உண்டு. எந்த வேலையும் கொடுக்காமல், பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்ப்பது. காயில்காரர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றியது. சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மோட்டாரின் முதுகில் செங்குத்தாக நிறுத்தினார். நாணயம் அசையவில்லை.

"பாத்துக்குங்க. உள்ளே எட்டுக் குதிரை ஓடுது. மேல காசு தூங்குது."

கூட்டம் கை தட்டியது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. "மத்த ரெண்டு கடைக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க, வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றார்.

முதலாளியம்மா, "பெல்ட்டை மாட்டுங்க" என்றார்.

பெல்ட் ஏறியது. காகித உருளை இழுபட ஆரம்பித்தது. அவ்வளவுதான். மோட்டாரின் ஒரு முனையில், சுற்றுகிற செம்புப் பட்டைகள் மேல் கரிக்கட்டைகள் உட்கார்ந்து கரண்ட் கொடுக்கும் இடத்தில், நீலப் பொறி சரசரவென்று பறந்தது. கருகல் நாற்றம் வந்தது. நாணயம் கீழே விழுந்து உருண்டு மச்சானின் காலடியில் போய் நின்றது.

"என்னங்க இது," என்றார் முதலாளியம்மா. "சும்மா ஓடுறப்ப பாட்டு, வேலை செய்யின்னா பட்டாசா?"

காயில்காரர் அசரவில்லை. இது அவருக்குப் பழக்கமான நோய். கூடாரச் சினிமா டைனமோவிலும் இதே பொறி பறக்கும். படம் ஓடும்போது விளக்கின் சுமை ஏறியதும் பறக்கும். அப்போதெல்லாம் கரிக்கட்டை பூட்டிய வளையத்தைத் தளர்த்தி, மெஷின் சுற்றுகிற பக்கமாக இரண்டு விரல் நகர்த்தி முறுக்கிவிடுவார். பொறி அடங்கிவிடும். பத்து வருடம் செய்த கை. "ஒரு நிமிஷம்மா" என்றார். மோட்டாரை நிறுத்தி, வளையத்தைச் சுற்றுகிற பக்கமாக இரண்டு விரல் நகர்த்தி, மறுபடி சுவிட்சைப் போட்டார்.

முன்பு பறந்தது பொறி. இப்போது பறந்தது தீ. செம்புப் பட்டைகளைச் சுற்றி ஒரு நெருப்பு மாலையே விழுந்தது. மெஷின்காரர் ஒருவர் ஓடிப்போய்ச் சுவிட்சை இழுத்தார்.

மச்சான் குனிந்து நாணயத்தை எடுத்தார். துடைத்தார். பத்திரமாகத் தம் பையில் போட்டுக்கொண்டார்.

"இதை வரவுல வச்சுக்கிறேன்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "என் மாப்பிள்ளை எப்பவும் இப்படித்தாங்க. வெத்து ஓட்டத்துல புலி."

சிரிப்பு கூரையில் போய் மோதியது. சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் தெருவெல்லாம் பரவிவிட்டது. டீக்கடையில், "வெத்து ஓட்டத்துக்கு ஒரு டீ, வேலை கொடுக்காம" என்று எவனோ சொன்னான். காயில்காரர் டீயைக் குடிக்காமல் வந்தார். காசை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார்.

முதலாளியம்மா சனிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பெட்டிகள் வண்டி ஏற வேண்டும். சனிக்கிழமையும் ஓடாவிட்டால் மோட்டார் வெளியூர்க் கடைக்குப் போய்விடும். மோட்டார் போனால் ஐயாயிரம் போயிற்று. ஐயாயிரம் போனால் மெஷின் போயிற்று. மெஷின் போனால் குடைக்கடை.

வெள்ளிக்கிழமை முழுக்கக் காயில்காரர் ஆலையில் உட்கார்ந்து கருகின செம்புப் பட்டைகளை மணல் தாளால் தேய்த்தார். இரும்பு தேய்க்கிற கறுப்புத் தாளைத் தொடவில்லை. அதன் தூள் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் புகுந்து மோட்டாரையே கொன்றுவிடும். காயில் ஒவ்வொன்றையும் சோதித்தார். குற்றம் ஒன்றும் இல்லை. மனைவி எண்ணியதில் குற்றம் இருக்கும் என்று அவர் நினைக்கவும் இல்லை. நினைத்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

நடுவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், சாப்பிடாமல் தட்டை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி கையில் வேலை இல்லை. அதனால் பேச்சு இருந்தது.

"என்னங்க, தட்டுக்கும் காயில் கட்டப் போறீங்களா?"

"டைனமோவுல சரியா வந்த வைத்தியம் இதுல ஏன் வரலைன்னு பாக்குறேன்."

"டைனமோவுல என்ன பண்ணுவீங்க? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

சொல்லச் சொன்னால் அவருக்குப் பசி மறந்துவிடும். "உள்ளே சுத்தி நிக்கிறது பெரிய காந்தம். ஒரு பக்கம் வடக்கு, ஒரு பக்கம் தெக்கு. ரெண்டுக்கும் நடுவுல, இதுவும் இழுக்காத அதுவும் இழுக்காத ஒரு இடம் இருக்கு. அதுதான் நடு. கரிக்கட்டை அங்க உக்காந்தாத்தான் பொறி வராது. வெத்து ஓட்டத்துல நடு, நடுவுலயே இருக்கும். ஆனா சுமை ஏறினா சுத்துற உருளைக்குள்ள கரண்ட் நிறையப் பாயும். பாஞ்சா உருளையே ஒரு காந்தம் ஆயிடும். அது சும்மா இருக்குமா? பெரிய காந்தத்தைப் பிடிச்சு ஒரு பக்கமா சாய்ச்சிடும். நடு நகந்து போயிடும். நடு எங்க போகுதோ அங்க நாமளும் கரிக்கட்டையை நகத்தணும். டைனமோவுல அது சுத்துற பக்கம் போகும்."

"டைனமோவுல யார் சுத்துறது?"

"இன்ஜின் சுத்தும். சுத்தினா கரண்ட் வரும்."

"மோட்டார்ல?"

"கரண்ட் நாம குடுப்போம். அது சுத்தும்."

"அங்க சுத்தினா கரண்ட் வருது. இங்க கரண்ட் குடுத்தா சுத்துது. எல்லாமே தலைகீழா இருக்கு. அந்த நடு மட்டும் ஏங்க நேராப் போகணும்?"

காயில்காரர் தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். உருளையில் பாயும் கரண்ட் டைனமோவில் ஒரு திசை என்றால் மோட்டாரில் அதற்கு எதிர்த் திசை. கரண்ட் திரும்பினால் உருளையின் காந்தமும் திரும்பும். காந்தம் திரும்பினால் சாய்கிற பக்கமும் திரும்பும். நடு போவது சுற்றுகிற பக்கம் அல்ல, அதற்கு எதிர்ப்பக்கம். அவர் வியாழக்கிழமை கரிக்கட்டையை நகர்த்தியது நடுவைத் தேடி அல்ல. நடுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பத்து வருட அனுபவம்தான் அவரைக் கவிழ்த்தது.

"இதைத்தான் நான் சொல்ல வந்தேன்" என்றார்.

"சொல்லுங்க, சொல்லுங்க. சாப்பிட்டுட்டே சொல்லுங்க" என்றாள் அவள்.

பிற்பாடு ஊரில் இந்தக் கதையைச் சொன்ன போதெல்லாம் அந்தக் கேள்வியைத் தாமே தமக்குக் கேட்டுக்கொண்டதாகத்தான் அவர் சொன்னார். பக்கத்தில் மனைவி இருந்தால் மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் இருமுவார்.

சனிக்கிழமை காலை ஆலையில் வியாழக்கிழமையைவிடக் கூட்டம் அதிகம். பட்டாசு பார்க்க வந்த கூட்டம். காயில்காரர் வளையத்தைத் தளர்த்தி, பழைய இடத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, அதிலிருந்து சுற்றுகிற பக்கத்துக்கு எதிராக இரண்டு விரல் நகர்த்தி, லேசாக முறுக்கினார். சுவிட்சைப் போட்டார்.

வெத்து ஓட்டத்திலேயே பொறி வந்தது. சின்னச் சின்னதாக, நெருப்புக்குச்சி உரசுவதுபோல.

மச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வியாழக்கிழமை வேலை குடுத்தாத்தான் எரிஞ்சுது. இப்ப சும்மா இருந்தாலே எரியுதே! மாப்பிள்ளை, குடைக்கடையில நாற்காலி போட்டுட்டேன்."

முதலாளியம்மா எழுந்துவிட்டார். "போதுங்க. வண்டிக்குச் சொல்லி அனுப்புறேன். வெளியூருக்கே போகட்டும்."

காயில்காரருக்கு உள்ளங்கை வேர்த்தது. வாய் மட்டும் வேர்க்கவில்லை. "அம்மா, வெத்து ஓட்டத்தைப் பாத்துதானே அன்னைக்கு நீங்களும் ஏமாந்தீங்க, நானும் ஏமாந்தேன்? இன்னைக்கு அதைப் பாக்காதீங்க. பெல்ட்டை மாட்டுங்க. ஒரே ஒரு தடவை."

முதலாளியம்மா மெஷின்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

பெல்ட் ஏறியது. காகிதம் விறைத்தது. மோட்டார் ஒருமுறை முக்கியது. முக்கியதோடு பொறி சுருங்கியது. சுருங்கிச் சுருங்கி, ஒரு கரிக்கட்டையின் ஓரத்தில் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. காயில்காரர் மரச்சுத்தியலை எடுத்து வளையத்தை இன்னும் ஒரு தட்டுத் தட்டினார். தட்டு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. டீசி மோட்டாரில் காந்தம் சோர்ந்தால் வேகம் கூடும்; மோட்டார் எகிறியது, காகிதம் படபடத்தது. "ஏய் ஏய்!" என்று மெஷின்காரர்கள் கத்தினார்கள். "கத்தாதீங்கய்யா, தெரியும்" என்று அரைத் தட்டுத் திருப்பித் தட்டினார்.

பொறி இல்லை. செம்புப் பட்டைகள் பழுப்பு நிறத்தில், துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. ஒட்டிய அட்டை மறுபக்கம் வந்து அடுக்காக விழ ஆரம்பித்தது.

கூட்டத்துக்கு ஏமாற்றம். ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள். முதலாளியம்மா மட்டும் குனிந்து உள்ளே பார்த்தார்.

"எப்படிங்க? சும்மா ஓடுறப்ப எரியிறது, வேலை குடுத்தா எப்படி அடங்குது?"

காயில்காரர் தோள் துண்டை உதறிப் போட்டார். "அம்மா, உங்க ஆபீஸ்ல சாதாரண நாள்ல எல்லார் பார்வையும் எங்க இருக்கும்?"

"என் மேலதான்."

"சம்பள நாள்ல?"

முதலாளியம்மா யோசித்தார். "கணக்குப்பிள்ளை மேல."

"உங்க நாற்காலி நகந்துச்சா? இல்ல. அவர் நாற்காலி நகந்துச்சா? அதுவும் இல்ல. பார்வை மட்டும் சாஞ்சு போச்சு. காந்தமும் அப்படித்தாம்மா. வேலை நாள்ல அது எங்க சாயுதோ அங்க நான் கரிக்கட்டையை உக்கார வச்சிருக்கேன். சும்மா இருக்கிற நாளுக்கு அது பொருந்தாது. அதான் முதல்ல முணுமுணுத்துச்சு."

முதலாளியம்மா சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முழு ஷிஃப்ட்டுன்னுதானே பேச்சு? ஓடட்டும். என் கெடு நாலு மணி. நான் உன் கடைக்குப் போய்க் காத்திருக்கேன்" என்று குடையை விரித்துக்கொண்டு போனார். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

ஷிஃப்ட் முடிய மூன்றரை ஆனது. ஒரு பொறிகூட இல்லை. முதலாளியம்மா மேசை இழுப்பறையிலிருந்து நூறு நூறாக ஐம்பது நோட்டை எடுத்துக் கொடுத்தார். காயில்காரர் எண்ணிப் பார்க்காமல் மடித்து மடியில் கட்டிக்கொண்டு ஓடினார். எண்ணுவது அவர் வேலை அல்ல.

கடை வாசலில் கைவண்டி நின்றது. வண்டிக்காரர் அதன்மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். மச்சான் உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்தார். உள்ளே, மெஷினில் உட்கார்ந்து மனைவி கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா?" என்றார் மச்சான். "ரெண்டு மணியிலேருந்து எழுந்திரு எழுந்திருன்னு சொல்றேன். வாயைத் தொறந்தா நம்பர்தான் வருது."

"ரெண்டாயிரத்து முந்நூத்தி ஏழு, ரெண்டாயிரத்து முந்நூத்தி எட்டு" என்றாள் அவள்.

காயில்காரர் எட்டிப் பார்த்தார். எந்த மோட்டாருக்கும் அத்தனை சுற்றில் ஒரு காயில் கிடையாது. பழைய கம்பியைச் சுற்றுவதும் அவிழ்ப்பதும் மறுபடி சுற்றுவதுமாக அவள் இரண்டு மணியிலிருந்து மெஷினைக் காத்துக்கொண்டிருந்தாள். சுற்று முடியாமல் அவளை எழுப்பக் கூடாது என்று அந்தத் தெருவுக்கே தெரியும். அவள் அண்ணனுக்கும் தெரியும்.

காயில்காரர் மடியை அவிழ்த்து நோட்டுக்கட்டை மெஷின் பலகையில் வைத்தார். கைப்பிடி நின்றது.

"வண்டிக்காரரே, நீங்க போகலாம்" என்றாள். எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, கையை நீட்டுங்க."

"எல்லாத்தையும் இப்பவே குடுக்கணும்னு இல்லம்மா" என்றார் மச்சான்.

"கையை நீட்டுங்கண்ணே."

நீட்டினார். அவள் முதல் நோட்டை விரித்து வைத்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

"நான் மெஷினைத் தூக்கிட்டா போயிருக்கப் போறேன்? ஒரு பயத்துக்குத்தான் சொன்னேன்."

"ஒம்பது. பத்து. பதினொண்ணு."

"மாப்பிள்ளை, நீயாவது சொல்லேன்."

"எண்ணும்போது அவகிட்ட யாரும் பேச முடியாது மச்சான்" என்றார் காயில்காரர். "நானே பேச மாட்டேன்."

"இருபத்தாறு. இருபத்தேழு."

மச்சானின் கை லேசாகத் தாழ்ந்தது. அவள் மறுகையால் அதைத் தாங்கிப் பழைய இடத்துக்கே உயர்த்தி வைத்து, அடுத்த நோட்டை வைத்தாள்.

"அன்னைக்கு எடுத்த அந்தக் காசு," என்று மச்சான் பையைத் துழாவி நாணயத்தை எடுத்தார், "அதையும் கழிச்சுக்கம்மா."

"முப்பத்தெட்டு," என்றாள் அவள். "முப்பத்தொம்பது." கடைசி நோட்டின் மடிந்த மூலையை நகத்தால் நீவி நேராக்கி, விரிந்திருந்த உள்ளங்கையில் வைத்தாள். "நாப்பது."